கித்தா மரம் விடியலில் அதிகம் பால் தருவது ஏன்?

பேராக்கில் கித்தா மரத்தின் கதை 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட 9 கன்றுகளிலிருந்து தொடங்குகிறது. பின்னர் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டு கூடி, வெயில் ஏறுவதற்குள் நிரையை வெட்டி முடிப்பது தோட்ட மக்களின் வாழ்க்கையானது. அந்த அவசரத்துக்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்.

பகலில் இலைகள் வழியே நீர் ஆவியாகிறது. வேர் உறிஞ்சுவது அதற்கு ஈடாவதில்லை. இரவில் இலைத் துளைகள் மூடிக்கொள்ள, மரம் மீண்டும் நீரை நிரப்பிக்கொள்கிறது. எனவே பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் விடியுமுன் உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டினால் மங்கு நிறையும். நேரமானால் பால் குறையும். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர்.

இலைகள் செய்யும் சர்க்கரையில் ஒரு பகுதி ரப்பராகிறது. அதை மரம் மீண்டும் உணவாக்கிக்கொள்வதில்லை. அதன் உண்மையான சேமிப்பு, தண்டிலும் வேரிலும் தங்கும் மாவுச்சத்து. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்ந்ததும் புதுத் தளிர் விட அது செலவாகிறது, பாலும் குறைகிறது. பால் எடையை ஒட்டிக் கூலி பெற்ற குடும்பங்களுக்கு அது கையைக் கடிக்கும் காலம்.

ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை மரத்துக்குச் சேமிக்க அவகாசம் தருகிறது.

செம்பனைக்காக மரத்தைச் சாய்த்த பின்னும் மாவுச்சத்து கட்டையில் இருக்கும். பூஞ்சையும் வண்டும் அதைத் தேடி வரும். அதனால்தான் நாற்காலி, மேசைக்குப் போகும் கித்தாப் பலகைக்கு உடனே மருந்தேற்றுகிறார்கள்.