அம்மாயி பாட்டை எழுதினது யார்?

போன மாசம் உக்குவளையில் நாங்கள் ஆறேழு பேர் ஒன்றுகூடினபோது ஒரு கேள்வி வந்தது. "உனக்குப் பிடிச்ச பாடலாசிரியர் யாரு?" ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னோம். கண்ணதாசன், வைரமுத்து, நா. முத்துக்குமார். ஒருத்தன் மட்டும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்காக விடாமல் சண்டை பிடித்தான். "29 வயசுலயே செத்துப்போன மனுசன், இன்னைக்கும் கூட்டம் நடந்தா அவர் பாட்டுத்தானே போடுறாங்க?" என்றான். அதுவும் சரிதான்.

கடைசியாக எங்களில் ஒருத்தி, "எங்க அம்மாயி ஒரு தாலாட்டு படிப்பாங்க. அதுதான் எனக்குப் பிடிச்ச பாட்டு. அதை எழுதினது யாரு?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

முதலில் ஒன்றை யோசித்தோம். கண்ணதாசன் பேர் நமக்கு எப்படித் தெரியும்? எங்கள் அப்பா, அம்மா தலைமுறைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது இலங்கை வானொலி. பாட்டுப் போடுவதற்கு முன்னால் படம், பாடியவர், இசை, பாடல் வரிகள் என்று அறிவிப்பாளர் பேர் பேராகச் சொல்லுவார். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டின் முதல் சொல்லே போதும், மிச்சம் தானாக வாயில் வரும். லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் பத்து வீட்டுக்கும் கேட்கும். ஆனால் அதே லயத்தில் அடுப்படியிலும் தொட்டிலுக்குப் பக்கத்திலும் பாடப்பட்ட பாட்டுகளுக்கு அறிவிப்பாளர் கிடையாது. அதனால் அவற்றுக்குப் பாடலாசிரியர் பேரும் இல்லாமல் போச்சு.

அம்மாயியிடம் போனோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "இதெல்லாம் என்னா பாட்டு புள்ள, தோட்டத்துப் பாட்டு" என்று முதலில் மறுத்தார். பிறகு மெதுவாகப் பாடினார். தாய் பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டால் 'துண்டு' வாங்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சமாதானம் சொல்கிறாள். சின்ன வயதில் பேத்தி அதைத் தோளில் போடும் துண்டு என்றே நினைத்திருந்தாளாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அம்மாயி சிரித்தார். "அது துணி இல்ல புள்ள. கடன் கடதாசி. எங்க பாட்டி சொல்லுவாங்க."

அப்புறம் படித்துப் பார்த்தபோதுதான் முழுக்கதையும் விளங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. வழிச் செலவு, சாப்பாடு, துணி எல்லாமே முன்பணம்; அதாவது கடன். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்: 'இவர்கள் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவேன்' என்று. அந்தச் சீட்டுக்குப் பேர்தான் துண்டு. புதுத் தோட்டம் கடனைக் கட்டும். கடன் ஆட்களோடு சேர்ந்து அங்கே போகும். தோட்டம் மாறினாலும் கடன் மாறாது. 1921இல்தான் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இப்போது அந்தத் தாலாட்டைத் திரும்பக் கேளுங்கள். அப்பா துணி வாங்கப் போகவில்லை. இந்தக் குடும்பம் இந்தத் தோட்டத்தைவிட்டுப் போக முடியுமா, முடியாதா என்பதைத் தெரிந்துகொள்ளப் போயிருக்கிறார். துண்டு ஒழிந்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. அம்மாயி அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் சொல் அவர் வாயில் இருக்கிறது.

ஒரு சொல் ஏன் இப்படி நிற்கிறது? மலையகப் பாட்டு வரலாற்றில் மூன்று பேரை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

முதல் ஆள் ஆபிரகாம் ஜோசப். கோப்பிக் காலத்து ஆள். 1869இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற அவருடைய நூல் அச்சாகி வந்தது. மலையகத்தைப் பற்றி அச்சில் வந்த ஆரம்பகாலத் தமிழ் நூல்களில் அது ஒன்று. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் சொல்வது. கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்களுக்கு ஆங்கிலம் எதுக்கு? யார் படிக்க வேண்டும் என்று நினைத்து அச்சடித்தார்கள் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். அதே 1869இல்தான் இலங்கைக் கோப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பியே அழிந்து தேயிலை வந்துவிட்டது. அந்தக் கும்மி ஆய்வாளர்களிடம் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த எந்தப் பாட்டியும் அதைப் பாடிக் கேட்டதில்லை. கும்மி மெட்டு மக்களுடையதுதான். ஆனால் உள்ளே இருந்த பேச்சு அவர்களுடையதாக இல்லை என்று நினைக்கிறோம்.

அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் வேறு பாட்டுப் பாடினார்கள். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. எங்கள் உக்குவளை ஸ்டேசன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் வந்தவர்களுக்கு மலைநாடு என்றால் முதலில் கண்ணில் பட்டது மாத்தளைதான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். நடந்தவர்களின் பாட்டில் பயிர்ச்செய்கை விளக்கம் இல்லை. கங்காணி பேர் இருக்கும், விட்டு வந்த ஊர்ப் பேர் இருக்கும், செத்துப்போன தம்பி இருப்பான். அடுத்த ஆள் பாடும்போது கங்காணி பேரை மாற்றிக்கொள்வார், ஊர்ப் பேரை மாற்றிக்கொள்வார். பாட்டு அவருடையதாகிவிடும்.

இரண்டாவது ஆள் மீனாட்சி அம்மை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவி, பத்திரிகை வேலையிலும் அவரோடு நின்றவர். அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே வழக்குப் போடுவார்கள். நடேசய்யர் புடவை வியாபாரி வேசத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்று சொல்லுவார்கள். கூட்டம் கூடும் இடத்தில் மீனாட்சி அம்மை பாடுவார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டை எடுத்துப் புது வரியைப் போடுவார். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் ஒரு தடவை கேட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 1939இல் அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. அடுத்த வருசம், 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் வந்தது. தலைப்பைப் பாருங்கள், ஒரு அறிக்கை மாதிரி இருக்கிறது. அறிக்கையில் எழுத வேண்டியதை அவர் பாட்டாக எழுதினார், ஏனென்றால் அறிக்கையைக் கொழுந்து எடுத்துக்கொண்டே சொல்ல முடியாது.

மூன்றாவது ஆள் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருசமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்குப் போட்ட மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர் தானே கவிஞர், ஆங்கிலத்திலும் எழுதினவர். ஆனால் எங்களுக்கு அவரிடம் அதிகம் பிடித்தது வேறு வேலை. லயம் லயமாகக் கேட்ட பாட்டுகளைச் சேர்த்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் அச்சில் வந்தது. அதே வருசம் ஜூலையில்தான் மாத்தளை டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன.

இந்த மூன்று பேரையும் பார்த்தபின் எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. நினைவில் நிற்கிற வரி அழகான வரியாக இருக்க வேண்டும் என்றில்லை. இன்னொருத்தர் எடுத்துப் பாவிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கூடை முதுகில் இருக்கும்போது மூச்சுக்குள் அடங்க வேண்டும். தன் கங்காணி பேரைச் சொருக இடம் இருக்க வேண்டும். பட்டுக்கோட்டையாரின் பாட்டு இன்றும் கூட்டத்தில் ஒலிப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறோம்.

ஆனால் இதில் ஒரு பயமும் இருக்கிறது. பாவிக்கிற இடம் போனால் பாட்டும் போகும். பெரட்டு என்றால் என்ன என்று எங்கள் தம்பி, தங்கச்சிமாருக்குத் தெரியாது. காமன் கூத்து பல தோட்டங்களில் நின்றுவிட்டது. கெம்பஸ் வந்தபிறகு தோட்டத்து அட்ரஸைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் எங்களிலேயே இருக்கிறோம். 'தோட்டக்காட்டான்' என்று கேட்டுக் கேட்டு வந்த கூச்சம் அது. அம்மாயி முதலில் பாட மறுத்ததும் அதே கூச்சத்தால்தானே? அந்தக் கூச்சம் எங்களுக்குத் தந்த நட்டத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். தாலாட்டின் கடைசிப் பகுதியில் இரண்டு வரி அம்மாயிக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று தரம் முயன்றார். "அக்காவுக்குத் தெரியும்" என்றார்.

அந்த அக்கா இங்கே இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. பெரியம்மாயி குடும்பமும் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனது. அங்கேயும் தேயிலைதான். இரண்டு, மூன்று கடிதத்துக்குப் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. ஒரு பாட்டைப் பாதி இங்கே வைத்துப் பாதியை அங்கே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறோம். வீட்டில் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால் இந்த லீவுக்குப் போய் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். விளங்காத ஒவ்வொரு சொல்லையும் கேட்டு, அர்த்தத்தையும் எழுதிவையுங்கள். 'துண்டு' என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த தலைமுறையும் துணி என்றுதான் நினைக்கும்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்து யாராவது இதை வாசித்தால், துண்டு வாங்கப் போன அப்பாவைப் பற்றிய தாலாட்டு ஒன்று உங்கள் பாட்டிக்குத் தெரியுமா என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் கொப்பியில் இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.