ஒன்பது தாய்மார் என்றொரு செய்தி

2004 டிசம்பர் 26 அன்று புதுவையையும் காரைக்காலையும் தாக்கிய அதே சுனாமி, இலங்கையின் கிழக்குக் கரையையும் சூறையாடியது. கல்முனை மருத்துவமனைக்குச் சில மாதமே ஆன ஓர் ஆண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். பெயர் தெரியவில்லை. அன்று சேர்க்கப்பட்டவர்களில் 81ஆவது என்பதால் அது 'குழந்தை 81' ஆயிற்று.

ஒன்பது தம்பதிகள் அதற்கு உரிமை கோருவதாகச் செய்தி உலகெங்கும் பரவியது. நிருபர்கள் கல்முனையைத் தேடி வந்தனர். ஆனால் முறைப்படி மனுக் கொடுத்தது ஒரே ஒரு தம்பதிதான் என்பது பிறகே வெளிவந்தது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்து பார்த்துப் போகிறவர்கள் வேறு, உரிமை கோருகிறவர்கள் வேறு. செய்தியில் இந்த வேறுபாடு தொலைந்துபோனது.

2005 பிப்ரவரி தொடக்கத்தில் நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. பொறுமையிழந்த பெற்றோர் மருத்துவமனைக்குள் புகுந்து குழந்தையைத் தூக்க முயன்று கைதானார்கள். பிப்ரவரி 14இல் முடிவு வந்தது: அவர்களே பெற்றோர். இரண்டு நாளில் பிள்ளை அவர்கள் கைக்குச் சேர்ந்தது.

பேரிடர் நாளில் நிருபர்களை விரட்டுவது தீர்வல்ல. காணாமல் போனவரைத் தேடும் குடும்பத்துக்கு அவர்கள்தான் வழி. மருத்துவமனை சார்பில் ஒரே ஒருவர், குறித்த நேரத்தில், பதிவேட்டைப் பார்த்து உறுதியானதை மட்டும் சொல்லவேண்டும். வார்டுக்குள் கேமரா கூடாது. புதுவை ஜிப்மரானாலும் சிற்றூர் மருத்துவமனையானாலும், அந்த ஒருவர் யார் என்பதை அலை வருவதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும்.