ஃபரே வானங்கா: கேட்கக் கற்றுக்கொடுத்த பள்ளி

நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கதையும் பேச்சும் பயிற்றிய ஃபரே வானங்கா என்னும் கல்விச்சாலை இன்று இல்லை. இன்ன தேதியில் போயிற்று என்று சொல்வதற்கில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வோர் ஊராக அதன் கதவு மூடிக்கொண்டே வந்தது.

குளிர்காலத்தில்தான் பாடம். தலைவர்கள், குருமார்கள் வீட்டுப் பையன்களில் நினைவாற்றல் உள்ளவர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். சமைத்த உணவு உள்ளே வரக்கூடாது. அறிவின் புனிதம் கெட்டுவிடும். பாடத்தை மேல்தாடை, கீழ்தாடை என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வானுலகையும் தெய்வங்களையும் பற்றியது மேல்தாடை. மண்ணில் நடந்தவை, கடல் கடந்து வந்த படகுகள், குலவரிசைகள் எல்லாம் கீழ்தாடை. ஏடு கிடையாது, எழுத்தாணி கிடையாது. தொஹுங்கா எனப்படும் ஆசான் சொல்வார். மாணவன் கேட்டு, பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். மந்திரத்தில் ஒரு சொல் தவறினாலும் கெட்ட சகுனம். சடங்கின்போது சிறு கல் ஒன்றை மாணவனின் வாயில் வைப்பதும் உண்டு என்று இனவியலாளர் எல்ஸ்டன் பெஸ்ட் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் மராயே என்னும் ஊர்மன்றம். அங்கே எழுந்து பேசுகிறவர் முதலில் இறந்தவர்களை நேருக்கு நேர் விளித்து வழியனுப்ப வேண்டும். பிறகு வந்தவர் குலத்தையும் இருப்பவர் குலத்தையும் முன்னோர் பெயர்களால் முடிச்சுப் போட வேண்டும். முடித்ததும் அவர் பக்கத்து ஆட்கள் எழுந்து பாடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்கு அந்தப் பெயர்கள் அத்தனையும் மனப்பாடம். ஒன்றைத் தப்பாகச் சொன்னால் பேசியவருக்கு மட்டுமா தலைகுனிவு? குலத்துக்கே.

அந்தப் பள்ளியின் சாவுக்குக் காரணம் ஒன்றல்ல. கிறித்தவ மிஷன்களோடு எழுத்து வந்தது. நிலத்துக்கான போர்கள் வந்தன. 1867ஆம் ஆண்டின் சுதேசிப் பள்ளிச் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியது. பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசியதற்காகத் தன்னையே காட்டுக்கு அனுப்பிக் கொடிப்பிரம்பு வெட்டிவரச் செய்து, அதனாலேயே அடித்தார்கள் என்று மாவோரித் தலைவர் சர் ஜேம்ஸ் ஹெனாரே, மாவோரி மக்களின் முறையீடுகளைக் கேட்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தில் சொன்னார். 1907இல் தொஹுங்கா ஒழிப்புச் சட்டம் வந்தது. குறி சொல்வோரையும் வைத்தியம் பார்ப்போரையும் குறிவைத்த சட்டம்தான். ஆனால் ஆசானும் தொஹுங்காவே. 1962 வரை அது நீக்கப்படவில்லை. 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 90 சதவீதம் பேர் தம் மொழியைப் பேசினார்கள். 1975இல் 5 சதவீதத்துக்கும் குறைவு.

போகும்போது அந்தப் பள்ளி ஓர் உயில் எழுதி வைத்தது. வைரராப்பா பகுதி ஆசான் தெ மாத்தொரொஹங்கா சொல்லச் சொல்ல, அவருடைய மாணவர் தெ ஃபாத்தாஹொரோ எழுதிக்கொண்டார். பாலினீசியச் சங்கம் அதை 1913, 1915 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சிட்டது. அதில் எது பழையது, எது பின்னால் சேர்ந்தது என்று அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்விக்குக் கூடத்திலேயே பதில் சொல்லக்கூடிய முதியவர்கள் இருந்த காலம் போய்விட்டது.

இறந்ததைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். ஆனாலும் அது எல்லோருக்குமான பள்ளியாக இருக்கவில்லை. எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அங்கே இடமில்லை.

அந்தக் குறை வாரிசுகளிடம் இல்லை. 1965இல் மாவோரி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கோரிமாக்கோ கோப்பைப் பேச்சுப் போட்டி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அது ஆங்கிலப் பேச்சுக்கான கோப்பை. மாவோரி மொழிப் பேச்சுக்கான கோப்பை பின்னால்தான் வந்தது. இன்று நா மானு கோரெரோ என்ற பெயரில் நாடு முழுவதிலிருந்தும் பையன்களும் பெண் பிள்ளைகளும் மேடையேறுகிறார்கள். 1982இல் தொடங்கிய கோஹங்கா ரேயோ மழலைப் பள்ளிகளில் மொழியை மீட்டுக்கொண்ட தலைமுறையும் அந்த மேடைக்கு வந்து சேர்ந்தது.

கைதட்டலும் கோப்பையும் பேசுகிறவருக்குக் கிடைக்கின்றன. பழைய கூடமோ பேச விடுவதற்கு முன் பருவம் பருவமாகக் கேட்க வைத்தது. நாம் இழந்தது அந்தக் காதைத்தான். கதைகளைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்; மேடையைக் கட்டிக்கொள்ளலாம்; பொறுமையாகக் கேட்டுப் பிழை திருத்தும் ஆசானையும், திருத்தப்படுவதற்காகவே உட்கார்ந்திருக்கும் மாணவனையும் போட்டியால் உண்டாக்க முடியாது. ஆனால் அந்தப் போட்டியில் தலைப்பைக் கையில் கொடுத்துச் சில நிமிடங்களில் பேசச் சொல்லும் சுற்று ஒன்று உண்டு. வீட்டில் எழுதி உருப்போட்டது அங்கே உதவாது. தாத்தா பாட்டியிடம் நிறையக் கேட்டு வளர்ந்த பிள்ளை யார் என்பது அந்தச் சுற்றில் தெரிந்துவிடும்.