அலுவலக வாசலில் அரிசி: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் போர்க்காலப் பங்கீடு

ஜப்பானியர் ஆட்சியில் (1942–45) மலாயாத் தோட்டத் தமிழர் பட்ட பசிக்குக் காரணம் அரிசித் தட்டுப்பாடு என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை, அரிசி எவ்வளவு இருந்தது என்பதோடு அது யார் கைவழியே வந்தது என்பதையும் கேட்காமல் அந்தப் பசியை விளக்க முடியாது.

போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ரெம்பாவ், குவாலா பிலா பள்ளத்தாக்குகளின் மலாய்க் குடும்பங்களுக்குத் தாய்வழியில் இறங்கிய வயல்கள் இருந்தன. மேட்டுநிலத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு வயல் ஏது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு 1/16 ஏக்கர் ஒதுக்கச் சொன்னது. அதாவது ஆறேகால் சென்ட். கீரைக்கும் கத்தரிக்கும் அது போதும், சோற்றுக்குக் காணாது. சோற்றுக்கான அரிசியைத் தோட்ட நிர்வாகமே தருவித்துக் கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்வது பரவலான வழக்கம். நல்ல காலத்தில் இது வசதியாகவே தெரிந்தது. ஆனால் தோட்டக் கணக்கரான கிராணியின் பேரேட்டில் பெயர் இருக்கும்வரைதான் அடுப்பு எரியும் என்ற நிலையும் அப்போதே உருவாகிவிட்டது.

1942 ஜனவரியில் கிம்மாஸ் சண்டையைத் தாண்டி ஜப்பானியப் படை தெற்கே போனது; வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு வெளியேறினர். கப்பல் பற்றாக்குறையால் அரிசி வரத்து ஒடுங்கியது. சிங்கப்பூரில் மாதப் பங்கு ஆணுக்கு 8 கட்டி, பெண்ணுக்கு 6, பிள்ளைக்கு 4 என்று இறங்கியது. எட்டுக் கட்டி என்பது 4.8 கிலோ, நாளொன்றுக்கு 160 கிராம். துறைமுக நகருக்கே அவ்வளவுதான்.

தோட்டத்திலோ இன்னொரு முடிச்சும் விழுந்தது. அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகள் அறுந்தன. மலாயா தந்த ரப்பர் முழுவதும் ஜப்பானுக்குத் தேவைப்படவில்லை. பல தோட்டங்களில் பால்மரம் வெட்டுவது நின்றது. கூலியும் அரிசியும் ஒரே வாசலில் வந்தவை. ஒன்று அடைபட்டதும் மற்றதும் அடைபட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்த இடங்களில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தினார்கள். வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்ததால், கள்ளச் சந்தை அரிசி எட்டாக்கனியானது.

சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் திரட்டல் நடந்தது இந்த நிலையில்தான். 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பலர் வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்கள். நாள் கூலியும் சாப்பாடும் தருவதாகச் சொன்னதைக் கேட்டுத் தாமே போனவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரை ‘விரும்பிச் சென்றோர்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. அரிசிக்கு வேறு வாசலே இல்லாதவர் முன் அரிசியைக் காட்டி அழைப்பதும் கட்டாயத்தின் ஒரு வடிவமே.

நிலம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா? சிங்கப்பூரின் பங்கீட்டுச் சுமையைக் குறைக்க, 1943 இறுதியில் யுரேசியரும் சீனருமான கத்தோலிக்கர்களை ஜப்பானியர் நெகிரி செம்பிலானின் பகாவ் காட்டில் குடியமர்த்தினர். அவர்களுக்கு நிலம் இருந்தது, ஆயர் டெவால்ஸின் வழிகாட்டலும் இருந்தது. ஆனாலும் வளமற்ற மண்ணும் மலேரியாவும் அவர்களை வீழ்த்தின. 1945இல் ஆயரும் இறந்தார். பசி வந்தபின் கொடுக்கும் நிலம் சோறு போடாது. கிழங்கு முற்றவே மாதங்கள் ஆகும். அதுவரை உழைக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். ஆறேகால் சென்ட்டோடு நின்ற 1923ஆம் ஆண்டின் சிக்கனத்தை இங்கே வைத்தே எடைபோட வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான சான்று போருக்குப் பின்னரே கிடைக்கிறது. 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. கிளர்ச்சியாளரிடமிருந்து மக்களைப் பிரிக்கும் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் திரட்டப்பட்டன. 1952 ஆகஸ்டில் சிரம்பான் வட்டாரத்தில் தொடங்கிய ‘ஹைவ்’ நடவடிக்கை, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு எட்டாமல் தடுப்பதை நோக்கமாகக் கொண்டது. இத்தகைய நடவடிக்கைகளில் அரிசி அளந்து தரப்பட்டது, வாயிற்கதவுகளில் சோதனை நடந்தது, கடைக்காரர் உணவு டின்னைத் துளையிட்டே விற்றார். சிலாங்கூரின் செமினியில் பெண்களைச் சோதனையிட்ட விதம் 1956இல் விசாரணை வரை போனது. ஜப்பானியர் காலத்தைப் போன்ற பஞ்சம் அப்போது இல்லை. இருந்தும், விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்டவர் தம் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சோற்றை ரப்பர் மர நிரைக்கு எடுத்துப்போவதே குற்றமாகக்கூடிய நிலை இருந்தது.