வெற்றுக் கட்டம் சுழியம் அன்று: செஞ்சி வட்டாரச் சமண வரலாற்றைக் கோட்டுப்படமாக வரைவதில் ஒரு மறுப்பு

தமிழகச் சமணத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நூற்றாண்டுவாரிக் கல்வெட்டு எண்ணிக்கையைக் கொண்டு கோட்டுப்படமாக வரைந்து காட்டும் ஒரு போக்கு நம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. விரிதாளின் ஒரு நிரலில் நூற்றாண்டு, மற்றொன்றில் தொகை. செஞ்சி, திண்டிவனம் பகுதிக்கு மட்டும் வரைந்தால் கோடு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரையைத் தொடும்; அங்கே 1478 என்ற ஆண்டு எழுதப்படும். மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தை இன்றும் தலைமை இடமாகக் கொண்டுள்ள ஒரு சமூகம் அந்த இடத்தில் இல்லாமலே போய், பிறகு எங்கிருந்தோ முளைத்தது போன்ற தோற்றம் அதனால் உண்டாகிறது. அந்தத் தரைப்புள்ளி சான்றிலிருந்து வந்தது அன்று, வாய்பாட்டிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாய்பாட்டை முதலில் பார்த்துவிடலாம். வெற்றுக் கட்டத்தைக் கோட்டுப்படத்தில் என்ன செய்வது என்பதற்கு எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டும் மூன்று வழிகளைத் தருகின்றன: இடைவெளி விடலாம், சுழியமாகக் கொள்ளலாம், இருபக்கப் புள்ளிகளையும் கோட்டால் இணைத்துவிடலாம். எக்செல் கோட்டுப்படத்தின் தொடக்க அமைப்பு இடைவெளி விடுவதுதான். அப்படியானால் தரைப்புள்ளி எப்படி வந்தது? கல்வெட்டுப் பட்டியலிலிருந்து தொகை எடுக்கப் பலரும் கவுன்ட்இஃப் வாய்பாட்டையே பயன்படுத்துகிறோம். பட்டியலில் ஒரு கல்வெட்டும் இல்லாத நூற்றாண்டுக்கு அது தரும் விடை வெற்றிடம் அன்று, சுழியம். "சான்று கிடைக்கவில்லை" என்பது "ஒன்றும் இருக்கவில்லை" என்று மாறிவிடுகிறது; அந்த மாற்றத்தை எந்த ஆய்வாளரும் முடிவெடுத்துச் செய்யவில்லை. இதை உணர்ந்த சிலர், தொகை இல்லாவிட்டால் வெற்று மேற்கோள்குறியைத் தருமாறு வாய்பாட்டை மாற்றுகிறார்கள். கட்டம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும். ஆனால் எக்செல் அதை எழுத்தாகக் கொண்டு கோட்டுப்படத்தில் சுழியத்திலேயே வைக்கும். என்ஏ பிழைக்குறியை இட்டால் சுழியம் நீங்கும். ஆனால் பழைய பதிப்புகளில் அது இடைவெளி தராது, இருபுறத்தையும் இணைத்துவிடும். புதிய பதிப்புகளில் அப்பிழைக்குறியை வெற்றுக் கட்டமாகக் காட்டும் தெரிவு தனியாக உண்டு. பிவட் அட்டவணையின் வழி இன்னும் கேடானது. தரவு இல்லாத நூற்றாண்டின் நிரையையே அது பொதுவாகக் காட்டாது. 14ஆம் நூற்றாண்டை அடுத்து 16ஆம் நூற்றாண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் நூறாண்டு இருந்ததற்குச் சுவடே இராது.

இனி 1478. செஞ்சிச் சமணர் ஒடுக்கப்பட்ட வரலாறாக நாம் எடுத்தாளும் வழக்கு, 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. அவ்வழக்கின்படி, வேங்கடபதி என்ற செஞ்சித் தலைவன் உயர்குடிகளிடம் பெண் கேட்டுச் சமணரால் அவமதிக்கப்படுகிறான். அந்தச் சினத்தில் சமணரைக் கொல்ல ஆணையிடுகிறான். சிலர் ஊரை விட்டு ஓடுகிறார்கள். சிலர் சைவராகிறார்கள். சிலர் மறைவாகத் தம் நெறியைக் காக்கிறார்கள். திண்டிவனம் பக்கத்து வேலூரில் ஒருவர் நீர்த்துறையில் மாலை வழிபாடு செய்யும்போது பிடிபட்டு, தலைவனுக்கு அன்று குழந்தை பிறந்ததால் உயிர் தப்பி, சிரவணபெளகொளாவுக்குப் போய் வீரசேனாசாரியர் என்ற துறவியாகிறார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்துத் தலைவரிடம் அடைக்கலம் புகுகிறார். பின்னாளில் வீரசேனரை அழைத்துவந்து, நீறு பூசி மாறியிருந்தவர்களை மீண்டும் சமணராக்குகிறார்.

இவ்வழக்கை இரு தரப்பினர் இருவகையாகக் கையாண்டிருக்கின்றனர். ஏற்பவர்கள் 1478க்குப் பிந்தைய கட்டங்களில் சுழியம் இடுகிறார்கள். மறுப்பவர்கள், செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது கிருஷ்ணதேவராயர் காலத்தை (1509–1529) ஒட்டித்தான், எனவே 1478இல் இப்படி ஒரு நாயக்கன் இருந்திருக்க முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைச் சரிவான ஒரு கோட்டால் இணைக்கிறார்கள். சுழியம் இடுவதும் இணைப்பதும் என்ற அந்த இரண்டு மென்பொருள் வழிகள் இரண்டு வரலாற்றுப் பள்ளிகளாகவே மாறிவிட்டன. மூன்றாவது வழியை எவரும் பொருட்படுத்தவில்லை.

வழக்கை அது சொல்லும் வரிசையிலேயே மீண்டும் படித்தால் மூன்றாவது வழிதான் பொருந்துகிறது. அது எந்த இடத்திலும் சமணர் ஒழிந்தனர் என்று சொல்லவில்லை. ஓடினவர், மாறினவர், ஒளிந்தவர், திரும்பியவர் என நான்கு நிலைகளைச் சொல்கிறது. நான்கிலும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். நீறு பூசிய நயினார் என்ற பெயர் வழக்கில் நிலைத்ததே, வெளியில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்ந்த ஒரு தலைமுறையின் நினைவு. வேலூர்க்காரர் பிடிபட்டது நீர்த்துறையில். அவர் மறைவாகச் செய்துவந்தது ஒருநாள் வெளியே தெரிந்துவிட்டது. அதுதான் கதையின் முடிச்சு. மறைந்து வாழ்பவர் கல்வெட்டு வெட்டுவாரா? கோயிலுக்கு நிலம் விட்டதைக் கல்லில் பொறித்துத் தம் பெயரையும் ஊரையும் அறிவிப்பாரா? அந்த ஆண்டுகளின் கல்வெட்டு நிரல் வெறுமையாக இருப்பதற்கான காரணத்தை அவ்வழக்கே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆட்கள் இல்லாததால் கல் மௌனமாகவில்லை, ஆட்கள் பேச முடியாததால் மௌனமானது.

புள்ளியியலார் விடுபட்ட தரவை வகைப்படுத்தும்போது, 1976இல் டொனால்டு ரூபின் வகுத்த வரையறைகளின் வழியில், ஒரு கேள்வியை முதலில் கேட்பார்கள்: விடுபட்டதற்கான காரணம், விடுபட்ட மதிப்போடு தொடர்புடையதா? தொடர்பில்லாமல் தற்செயலாக விடுபட்டிருந்தால் அக்கம்பக்கத்து மதிப்புகளைக் கொண்டு இட்டு நிரப்புவதில் பெரிய கேடு இல்லை. ஒரு நாள் மழைமானியைப் பார்க்க ஆள் வராமல் போனது அந்த வகை. செஞ்சி நிரலோ அதற்கு நேர்மாறானது. எந்த ஒடுக்குமுறை மக்கள்தொகையைப் பாதித்ததோ அதுவே பதிவையும் பாதித்தது. இங்கே இருபுறப் புள்ளிகளை இணைக்கும் கோடு, ஒடுக்குமுறை நடக்காதது போன்ற ஒரு மென்சரிவைக் கற்பிக்கிறது. சுழியமோ ஒடுக்கியவன் முழு வெற்றி பெற்றான் என்கிறது. வழக்கின் மக்கள் இரண்டையும் ஏற்கமாட்டார்கள்.

இவ்வழக்கின் ஆண்டுக் கணக்கைப் பற்றிய ஐயம் நியாயமானதே. 1478 என்பதை ஒரு கட்டத்தில் ஆணியடித்து நிறுத்துவதற்கு எனக்கும் துணிவில்லை. கதை தாயனூர் உடையார் குடும்பத்துக்குச் சமணரிடையே வழங்கும் முதல் மரியாதைக்குக் காரணம் சொல்லும் கதை. ஆகையால் அதன் வீரர்களை அது பெரிதாக்கியிருக்கும். நானூறு ஆண்டுக்குப் பின் அச்சேறியதில் பெயர்கள் மாறியிருக்கலாம். ஆனால் ஆண்டு பிழை என்பதால் நிலைமையும் பொய் என்று தாவுவது முறையன்று. பழம்பெருமை பேசவந்த கதை, தம் முன்னோர் நீறு பூசி ஒளிந்தார்கள் என்ற தாழ்வான செய்தியைத் தானாகப் புனைந்துகொள்ளக் காரணம் இல்லை. பெருமைக்கு உதவாத செய்தியே பெரும்பாலும் நினைவின் எச்சம் என்று கொள்கிறேன்.

தொடர்ச்சிக்குக் கல்லுக்கு வெளியே சான்று உண்டு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன், அதன் பொருளையும் சமய மரபையும் கும்பகோணத்துச் சமணரிடமும் வீடூர் அப்பாசாமி நயினாரிடமும் கேட்டுத் தெளிந்ததை என் சரித்திரத்தில் விரிவாகச் சொல்கிறார். வீடூர் இதே திண்டிவனம் பக்கத்து ஊர். பிற தமிழ்ப் புலவர்கள் கைவிட்டிருந்த ஒரு காப்பியத்தின் பாடம் கேட்கும் மரபு அந்த வீடுகளில் 19ஆம் நூற்றாண்டு வரை அறாமல் வந்திருக்கிறது. எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு அது விடை ஆகாது. சுழியம் இல்லை என்பதற்கு அது போதும்.

இடைவெளி விட்டால் படம் கிழிந்த துணிபோல் இருக்கும், போக்கு தெரியாது என்று ஓர் எதிர்ப்பு எழும். சான்று கிழிந்திருக்கையில் படம் மட்டும் முழுதாக இருக்கவேண்டியதில்லை. அதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு: மலை மலையாக, ஊர் ஊராகத் தேடியும் ஒன்றும் கிடைக்காத நூற்றாண்டைச் சுழியத்துக்கு அருகில் என்று கொள்வதில் என்ன தவறு? தேடியது உறுதியானால் தவறில்லை. ஆனால் அதற்கு இரண்டாவது ஒரு நிரல் வேண்டும்: எத்தனை ஊர்களில் தேடினோம், எத்தனை படிகள் எடுத்தோம், அவற்றில் எத்தனை முழுப் பாடத்தோடு அச்சில் வந்தன. இந்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் தொடங்குகின்றன. அவற்றில் சுருக்கக் குறிப்போடு நின்றுபோன கல்வெட்டுகள் ஏராளம். தமிழ்க் கல்வெட்டு மசிப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதை அறிவோம். அச்சேறாத படி ஒன்று அலமாரியில் இருக்கும்போது விரிதாளில் சுழியம் எழுதுவது, தேடாமலே இல்லை என்பது. அதோடு, 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் கல்லில் எழுதும் வழக்கமே எல்லாச் சமயத்தாரிடமும் குறைந்து, செப்பேடும் ஓலையும் காகிதமும் அதன் வேலையை ஏற்றுக்கொண்டன. மொத்தக் கல்வெட்டுத் தொகையைப் பக்கத்தில் வைக்காத சமணத் தொகை எதையும் நிறுவாது.

இடைவெளி வழியிலும் ஒரு பொறி உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் வரிசையும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளன. எழுத்தமைதியைக் கொண்டு அக்கல்வெட்டு ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வைக்கப்படுகிறது. அதன் இருபுறமும் கட்டங்கள் வெறுமையானால், புள்ளிக்குறி இல்லாத கோட்டுப்படத்தில் அது தெரியவே தெரியாது. கோடு இழுக்க இரண்டு புள்ளிகள் வேண்டுமே. வட்டாரத்தின் மிகப் பழைய சமணச் சான்றுகளுள் ஒன்று படத்திலிருந்து மறைந்துபோகும். ஆகவே புள்ளிக்குறிகள் கட்டாயம். மேல்சித்தாமூர் மலைநாதர் கோயிலின் பாறைச் சிற்பங்கள் போன்று, பொறிப்பின்றி வடிவமைதியால் 9ஆம் நூற்றாண்டு எனக் கருதப்படுபவற்றுக்கு வேறு குறியும் வேண்டும்.

அண்மைக் காலத் தரவிலும் இதே சிக்கல் நம் முன் நிற்கிறது. தமிழ்நாட்டுச் சமணர் தொகை 2001 கணக்கெடுப்பில் 83,359, 2011இல் 89,265. இது வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்த தொகை. தமிழ்ச் சமணருக்கென்று தனிக் கட்டம் அதில் இல்லை. 2021இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததன் குறிப்புநாள் 1 மார்ச் 2027. எக்செல் கோட்டுப்படம் கிடை அச்சில் ஆண்டுகளை வெறும் பெயர்களாகக் கொண்டால், 2001–2011 என்ற பத்தாண்டும் 2011–2027 என்ற பதினாறாண்டும் ஒரே நீளத்தில் தோன்றி, சரிவு விகிதம் பொய்யாகும். அச்சைக் காலஅச்சாக மாற்றவேண்டும், அல்லது சிதறல் படத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். இலங்கையில் இந்தத் தவற்றின் விலை கூடுதல். அங்கே 1981க்குப் பின் 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 1981, 2012 புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைப்பவர், இடையில் நடந்த போரையும் இடப்பெயர்வையும் அந்தக் கோட்டின் கீழ் புதைக்கிறார்.

இடைவெளியை இடைவெளியாகவே விடுவதை நம் பதிப்பாசிரியர்கள் விரிதாள் வருவதற்கு முன்பே செய்து காட்டினார்கள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; ஆனால் 266ஐ அடுத்த பாடல் 269 என்ற எண்ணோடுதான் அச்சில் நிற்கிறது. ஐங்குறுநூற்றில் 129, 130 இரண்டும் இல்லை, அவற்றின் இடம் இருக்கிறது. பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் இறுதிப் பத்தும் தொலைந்தபின்பும், கிடைத்ததன் முதல் பகுதி இரண்டாம் பத்து என்றே அழைக்கப்படுகிறது. எவரும் எண்களை நெருக்கித் தொடர்ச்சியாக்கவில்லை. தம் பாட்டொன்றை எழுதி இட்டு நிரப்பவுமில்லை.

செஞ்சி வட்டாரக் காலக்கோட்டை இனி வரைபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 15ஆம் நூற்றாண்டின் இறுதிக் கட்டத்தில் கவுன்ட்இஃப் தந்த சுழியத்தை அழித்துவிடுங்கள். அங்கே வாய்பாடும் வேண்டாம், பிழைக்குறியும் வேண்டாம். கட்டத்தை உண்மையாகவே வெறுமையாக விட்டு, நிரையை மட்டும் நீக்காதீர்கள். படத்தின் அடியில், "இக்காலத்தில் சமணர் மறைந்து வாழ்ந்தனர் என்பது வழக்கு" என்று ஒரு வரி எழுதுங்கள்.