ஒரே பெயரில் மூன்று பெரணிகள்

பிரெஞ்சுப் பாடசாலையில் படித்த நம்மவர்களுக்குக் 'கப்பிலேர்' என்ற சொல் ஞாபகம் இருக்கலாம். தலைமயிர் போல மெல்லிய காம்புள்ள சிறு பெரணிகளுக்கு அங்கே அந்தப் பெயர். அதில் ஒன்று 'கப்பிலேர் தே முராய்', அதாவது சுவர்க் கப்பிலேர். ஐரோப்பாவின் செங்குத்துப் பாறைகளிலும் பழைய மதில்களிலும் வளரும். கரிய நூல் போன்ற காம்பு. இருபுறமும் பொடி இலைகள். நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்.

1753-இல் லின்னேயஸ் இதற்கு அஸ்ப்ளீனியம் டிரைக்கோமேனஸ் என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய இருநூறு வருஷம் எல்லாம் ஒரே செடி என்றுதான் கணக்கு. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஐரீன் மான்டன் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். சில செடிகளில் 72, சிலவற்றில் சரியாக இரண்டு மடங்கு, 144. இதை 1950-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

பென்ஷன் ஃபைலில் பெயரும் தகப்பனார் பெயரும் ஒன்றாகவே இரண்டு பேர் இருந்தால், பிறந்த தேதியை வைத்துப் பிரிப்போம் அல்லவா? அதுபோல இங்கே எண்ணிக்கை உதவியது. இரண்டும் கலந்தால் பிறக்கும் கலப்புச் செடிக்கு 108. அதன் வித்துகள் பெரும்பாலும் சோடை, வம்சம் தொடராது. ஆகவே இவை தனித்தனி கிளையினங்கள்தாம். 144 உள்ளதற்கு மேயர் என்ற ஜெர்மானியர் 1960-களின் தொடக்கத்தில் 'குவாட்ரிவேலன்ஸ்' என்று பெயர் கொடுத்தார்.

மலையேறுகிறவர் பாறையைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். 72 உள்ளது சுண்ணாம்புச் சத்தில்லாத பாறையை விரும்பும். இலைகள் சற்று வட்டமாக, இடைவெளி விட்டு இருக்கும். 144 உள்ளது சுண்ணாம்புக்கல்லிலும் சுண்ணாம்புக் காரை பூசிய சுவரிலும் தாராளமாக வளரும். இலைகள் நீள்வாக்கில் நெருக்கமாக இருக்கும். சந்தேகம் வந்தால் மைக்ரோஸ்கோப்பில் வித்தை அளக்க வேண்டும். 144-இன் வித்து கொஞ்சம் பெரியது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதவில்லை. சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகளில் மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கும் 144 தான். ஆனால் காம்பு தடித்தது, எளிதில் ஒடியும். இலைகள் பாறையோடு ஒட்டிப் படிந்து கிடக்கும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து வக்கீல் ஹெர்மன் கிறிஸ்ட் 1900-இலேயே இதை வெறும் கண்ணால் கவனித்து, 'பாக்கிராகிஸ்' என்று குறித்து வைத்தார். கிரேக்கத்தில் தடித்த காம்பு என்று அர்த்தம். அதைத் தனிக் கிளையினமாக 1980-இல் அறிவித்த இருவரில் ஒருவர், அதே பாசெலில் வாழ்ந்த ததேயுஸ் ரைக்‌ஷ்டைன். கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்காக 1950-இல் நோபல் பரிசு பெற்றவர். 1967-இல் பதவி ஓய்வு பெற்ற பிறகு முழுமூச்சாகப் பெரணிகளில் இறங்கியவர். அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வக்கீலும் சரி, இவரும் சரி, 99 வயது வரை வாழ்ந்தார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால், கல்வெட்டுக்காரர்கள் ஒரு பாறையை உடைக்கும்போது "இது எந்தச் சுவரிலும் கிடைக்கிற செடிதானே" என்று சொல்லிவிடலாம். சுவரில் கிடைப்பது குவாட்ரிவேலன்ஸ். பாறையோடு போவது பாக்கிராகிஸாக இருக்கக்கூடும். பெயர் தனியாக இருந்தால்தான், நண்பர்களே, உடைப்பதற்கு முன் யாராவது ஒருவர் தடுத்துக் கேட்க முடியும்.