சின்ன கம்பெனி ஷேரை யார் வாங்குவாங்க?

சேதராப்பட்டுல சின்னதா ஒரு யூனிட் நடத்துற நண்பர் போன வாரம் கேட்டார்: "என்னை மாதிரி ஆளும் ஐபிஓ போகலாமாமே, நிஜமாவா?" போகலாம். அதுக்கு முன்னாடி ரெண்டு பழைய கதை.

முதல் கதை நம்ம ஊரோடது. அப்போ புதுச்சேரியை நடத்தினது ஒரு கம்பெனி. 1719-ல ஜான் லாங்கிற ஸ்காட்லாந்துக்காரர் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தன்னோட மிசிசிப்பி கம்பெனியோட இணைச்சார். 500 லிவ்ர் முகமதிப்பு உள்ள பங்கு, 1720 தொடக்கத்துல 10,000 லிவ்ரைத் தொட்டுச்சு. எல்லாரும் வாங்க ஓடினாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள விலை சரிஞ்சு, லா பிரான்ஸை விட்டே போயிட்டார். அவரோட தம்பி மகன் லா தெ லோரிஸ்தோன்தான் 1765-ல இங்க கவர்னரா வந்தவர்.

ரெண்டாவது கதை இதுக்கு நேர் எதிர். வளர்ற கம்பெனிகளுக்காக 1990-ல ஓடிசிஇஐன்னு ஒரு பங்குச்சந்தை தொடங்கினாங்க. அமெரிக்காவோட நாஸ்டாக்தான் மாடல். மும்பையில தரகர்கள் கத்தி வியாபாரம் பண்ணின காலத்துலயே இங்க கம்ப்யூட்டர் ஸ்கிரீன். ஆனா ஷேரை விற்கப் போனா வாங்க ஆள் இல்லை. 2015-ல கதை முடிஞ்சது.

இதுக்கு நடுவுல, 2012-ல பிஎஸ்இ எஸ்எம்இ, என்எஸ்இ எமெர்ஜ்னு ரெண்டு புது மேடை வந்தது. எமெர்ஜ்ல முதல்ல பட்டியலானது சென்னையோட தேஜோ இன்ஜினியரிங். வெளியீட்டுக்கு அப்புறம் பங்கு மூலதனம் 25 கோடியைத் தாண்டாத கம்பெனிகளுக்கான இடம் இது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இல்லாம, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு காட்டினா போதும்னு வச்சாங்க.

முக்கியமான ஆள் மார்க்கெட் மேக்கர். குபேர் மார்க்கெட்ல கூட்டமே இல்லாத நாள்லயும் ஒரு கடைக்காரர், "இந்த விலைக்கு வாங்கிக்கறேன், இந்த விலைக்குத் தரேன்"னு உட்கார்ந்திருக்கற மாதிரி. ஓடிசிஇஐலயும் இந்த யோசனை இருந்தது. இங்க மூணு வருஷம் கட்டாயம். அதோட ஐபிஓவுல விற்காம மிஞ்சுற பங்கை எடுத்துக்கறதா முன்கூட்டியே முழுசா உறுதி கொடுக்கணும். அதுல 15 சதவீதமாவது மெர்ச்சன்ட் பேங்கரே தன் பொறுப்புல ஏத்துக்கணும்.

ஆனா 2024 ஆகஸ்ட்ல 1720 திரும்பின மாதிரி ஆச்சு. ரெண்டு ஷோரூம், எட்டு ஊழியர் இருந்த டெல்லி பைக் டீலர் கேட்டது 12 கோடி. வந்த விண்ணப்பம் 4,000 கோடிக்கு மேல! அந்த டிசம்பர்லயே செபி விதியை இறுக்கிச்சு: கடைசி மூணு வருஷத்துல ரெண்டு வருஷமாவது ஒரு கோடி செயல்பாட்டு லாபம் வேணும். பழைய பங்குதாரர்கள் தங்க பங்கை விற்கிறது மொத்த வெளியீட்டுல 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இப்போ விண்ணப்பிக்கவே ரெண்டு லட்சத்துக்கு மேல வேணும்.

அதனால நண்பரே, உள்ள போக வழி இருக்கு. நான் உங்ககிட்ட கேட்கறது வேற: மூணு வருஷம் கழிச்சு, அந்தக் கடைக்காரர் உட்கார்ந்தே ஆகணும்னு விதி இல்லாதப்போ, உங்க ஷேரை வாங்க யார் வருவாங்க? பணம் போடப் போற நேயர்களும் இதையே கேட்டுக்கங்க.